காசு கேட்கும் பிள்ளை

அன்பின் சாந்தி,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். இவர் ஓய்வு பெற்ற கையோடு மொட்டை மாடியில் மிளகாய்க் கன்று வைத்திருக்கிறார். அவற்றுக்கு நடக்கிற உபசாரம் எனக்கு ஒருநாளும் நடந்ததில்லை.

உன் மகள் ஞாயிறு வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். இறுதி வருட ஆய்வுக்குக் கம்பஸில் மானியம் கேட்டு எழுதிய முன்மொழிவையும் கொண்டுவந்தாள். கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். விஷயம் நல்ல விஷயம்தான்: வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில், மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரின் உப்பும் ஒட்சிசனும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கப் போகிறாள். ஆனால் முன்னுரை நீண்டு கிடக்கிறது. 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது தெரிவுக்குழுவில் யாருக்குத் தெரியாது? எங்கள் பீடத்தில் இப்படி வருகிற விண்ணப்பங்களை நானும் வாசிக்கிறேன். உள்ளதைச் சொன்னால், நான் முதலில் புரட்டுவது செலவுப் பக்கத்தைத்தான். பிள்ளை வேலையை யோசித்திருக்கிறதா, தலைப்பை மட்டும் யோசித்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அவளுடைய செலவுப் பக்கத்தில் மூன்றே வரி. கருவி, இரசாயனப் பொருட்கள், இதர செலவு. "இதர செலவு என்றால் என்ன பிள்ளை?" என்றேன். சிரித்தாள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மாதிரிப் போத்தல் எத்தனை, ஒன்று என்ன விலை, ஒரு இடத்தில் எத்தனை தரம் எடுப்பது என்று கணக்குப் போடப் போட, ஆய்வே மாறியது. ஆறு இடம் மூன்றாகக் குறைந்தது. மழைக்குப் பின் ஒரு தரம் என்றிருந்தது தொடர்ந்து சில நாட்கள் என்றானது. எனக்கு அதில்தான் சந்தோஷம்.

கருவி வாங்கக் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். வாங்குவதென்றால் மூன்று விலைமனு வேண்டும், அதற்கு மேல் கொள்வனவு நடைமுறை. விலைமனு ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மாதம். அனுமதி வரும்போது விலை மாறிவிடும். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, அங்கீகரித்த காசுக்குக் கேட்ட இரசாயனம் வராமல் பிள்ளைகள் தவித்தார்கள். அத்தோடு அவள் வற் எனும் பெறுமதி சேர் வரியைச் சேர்க்கவே இல்லை. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். ஒரு இலட்சம் என்று எழுதினால் பில் 1,18,000 என்று வரும். உப்பு, ஒட்சிசன் அளக்கும் மீற்றர் பக்கத்துத் திணைக்களத்தில் இருக்கும், இரவல் கேட்கலாம், அங்குள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இப்போதே போய்ப் பேசட்டும்.

போக்குவரத்துத்தான் பெரிய கூத்து. காசைச் செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டுக் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். தனியார் பஸ்ஸில் எல்லா நேரமும் டிக்கட் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. புறக்கோட்டையில் போத்தல் வாங்கினால் கடைப்பெயர் இல்லாத துண்டில் கிறுக்கித் தருவார்கள். ஆகவே பில் புத்தகம் உள்ள கடையாகப் பார்க்கச் சொன்னேன். மாதிரிப் பெட்டியோடு போகும் நாளில் பிக்மீ செயலியில் வாகனம் பிடித்தால் பற்றுச்சீட்டுத் தானாக வரும்.

இன்னொன்று: தென்மேற்குப் பருவமழை மே மாதம் வந்துவிடும், மானியம் அதற்குள் வருமென்று நம்பக்கூடாது. காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யட்டும். இரவல் மீற்றரோடு கால்வாயடிக்குப் போய் உப்பை அளக்க மானியம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த முதல் அளவீடுகளை விண்ணப்பத்தில் ஒரு சிறு அட்டவணையாகப் போட்டால், ராம்சார் பந்தியைவிடப் பலமாகப் பேசும். கரையோரக் குடும்பங்களைப் பேட்டி காணும் பகுதியை வெட்டச் சொன்னேன். மனிதரிடம் கேட்டு எடுக்கும் தரவுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கு அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969இலேயே இளங்கலை மாணவர்களுக்கென்று தனி ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் செய்கிற வேலைக்குச் சம்பளமோ பாடப் புள்ளியோ பெறலாம். நம் பக்கம் பெரிய மானியங்கள் விரிவுரையாளர் பெயரில்தான் போகின்றன, இளங்கலைப் பிள்ளையின் உழைப்புக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. மகாபொல உதவித்தொகையில் போர்டிங் வாடகையே கட்டாது என்று உனக்குத் தெரியும். இதை நான் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கிடைக்குமா என்றால், திருத்தி எழுதினால் சந்தர்ப்பம் இருக்கிறது. மேற்பார்வையாளரின் கையொப்பத்தைக் கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம் என்று நீயும் ஒருதரம் சொல்லு, நான் சொன்னதற்கு "ஓம் அன்ரி" என்றாள், அந்த ஓமில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதம் உதயதேவி ரயிலில் வருகிறாய் என்றாளே, வரும்போது கட்டித் தயிர் ஒரு சட்டி கொண்டுவா.

அன்புடன்,
வசந்தி