என்சிக் தாத்தாவின் பதக்கங்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி: நன்கொடை வேண்டுகோள்

அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

நம் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருந்த தாத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவர் 'என்சிக் தாத்தா'. சிங்கப்பூர் இராணுவத்தில் வாரண்ட் ஆபீசர் என்ற மூத்த பதவியில் இருப்பவரை 'என்சிக்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போன எங்கள் முன்னால் பாட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். "எனக்கப்புறம் இதை யாருப்பா பார்ப்பா? நீங்களே ஏதாவது செய்யுங்க" என்றார்.

டின்னுக்குள் மூன்று பதக்கங்கள், வேட்டித் துணியில் சுற்றியபடி. மூத்தது ஆங்கிலேயர் காலத்துப் பொதுச் சேவைப் பதக்கம். முன்பக்கம் இளவயது எலிசபெத் ராணி, பின்பக்கம் சிறகு விரித்த வெற்றித் தேவதை. ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு, அதன்மேல் 'மலாயா' என்று பொறித்த பட்டை. பதக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் தெரிகின்றன. பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மழுங்கிப் போயிருக்கிறது. வருடா வருடம் ஜூலை 1, ஆயுதப்படை தினத்துக்கு முன்னால் பாட்டி பிராஸோ என்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததால் வந்த தேய்மானம் அது. பாசத்தோடு செய்ததுதான். ஆனால் இனிமேல் தேய்க்கக் கூடாது. நாடாவில் பூஞ்சைப் புள்ளிகள் விழத் தொடங்கிவிட்டன. நம் ஊர் ஈரக்காற்றில் அது நிற்காது.

மற்ற இரண்டும் சிங்கப்பூர் ஆயுதப்படையின் நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கங்கள்: ஒன்று 10 ஆண்டுக்கு, ஒன்று 20 ஆண்டுக்கு. போர்க்களச் சாகசத்துக்குக் கொடுப்பவை அல்ல இவை. விடியற்காலை எழுந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி, ஒரு குறையும் இல்லாமல் அத்தனை வருடம் செய்தவருக்குக் கொடுப்பவை. எங்கள் கண்ணுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தாத்தா முதலில் ஆங்கிலேயப் படையில் உள்ளூர் ஆளாகச் சேர்ந்து லாரி ஓட்டினார். 1957இல் சிங்கப்பூர்க் காலாட்படையின் முதல் பட்டாளம் உருவானபோது அதற்கு மாறினார். இந்தோனேசியாவுடன் 'கொன்ஃபிரன்டாசி' எனும் ஆயுத மோதல் நடந்த காலத்தில் அந்தப் பட்டாளம் சபாவின் செபாத்திக் தீவுக்குப் போனது. அங்கே நடந்ததை அவர் அதிகம் பேசியதில்லை. 1965 பிப்ரவரியில் ஜொகூரின் கோத்தா திங்கியில் இரண்டாம் பட்டாளத்து வீரர்கள் 9 பேர் இறந்ததை மட்டும் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சொல்வார். டோபி காட் பகுதியில் கொன்ஃபிரன்டாசி நினைவுச்சின்னம் 2015இல் திறந்த பிறகு, பேரனைச் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி அங்கே போய்வந்தார்.

அவருக்குப் பிடித்த கதை 1967. அந்த ஆகஸ்டில்தான் தேசிய சேவை எனும் கட்டாய இராணுவச் சேவைக்கான முதல் 900 இளைஞர்கள் முழுநேரமாகச் சேர்ந்தார்கள். தாத்தா அவர்களுக்குப் பயிற்றுநர். தமிழ் வீட்டுப் பையன், சீன வீட்டுப் பையன், மலாய் வீட்டுப் பையன், எல்லாருக்கும் மலாயில்தான் கட்டளை. "செடியா!" (மலாயில் 'நேராக நில்!') என்று அவர் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு குரல் கொடுத்தால் பந்து விளையாடும் பிள்ளைகள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். இன்று அந்த முதல் அணியினர் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். தாத்தாவிடம் பயிற்சி பெற்ற சிலரை எங்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தேவை. பெரும்பகுதி, பதக்கங்களையும் பழைய நாடாக்களையும் பழம்பொருள் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சீராக்கவும், ஈரமும் வெயிலும் தாக்காத கண்ணாடிப் பெட்டி செய்யவும் போகும். மீதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு நூல் அச்சிட. 2,340 வெள்ளி கையில் இருக்கிறது. இன்னும் 4,160 வெள்ளி வேண்டும். பெட்டியை வைக்க நம் குடியிருப்பாளர் நிலையத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விற்றால் நல்ல விலை வருமே என்று ஒருவர் கேட்டார். பாட்டி விற்கமாட்டார். நாங்களும் அதற்குத் துணைபோகமாட்டோம்.

பத்து வெள்ளி கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். பேநவ் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பலாம், அல்லது பொருளாளர் கையில் கொடுத்து ரசீது வாங்கலாம். வீடு வீடாக வந்து யாரும் வசூலிக்கமாட்டோம். அப்படி யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் இல்லை, அதனால் வரிக்கழிவு கிடைக்காது. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

அப்புறம், பணம் இல்லாத ஒரு உதவியும் வேண்டும். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்தக் காலத்தில் படையில் இருந்திருந்தால், பழைய படங்களைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். பாட்டிக்குக் கண் மங்கினாலும் முகம் மறக்கவில்லை. போன வாரம் ஒரு குழுப்படத்தைக் காட்டினோம். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் நின்றவரைத் தொட்டு, "இவர் எங்க கல்யாணத்துக்கு வந்தார்" என்றார்.

இப்படிக்கு,
பதக்கப் பாதுகாப்புக் குழுவினர்