அரை மணி கழித்துப் பிரித்த பார்சல்

குகை, சேலம்
வைகாசிக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. என் மனைவி அன்றைக்கே உரை மருந்துச் சாமான்களை வாங்கித் தனியே எடுத்து வைத்துவிட்டாள். ஆடியில் நீ வரும்போது கொடுத்தனுப்புவாள். என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது இருக்கிறது. ஆனால் நீ உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது நம் தெருவில் தட்டு வடை செட் விற்கும் செட்டுக்கடை அக்காவைப் பற்றித்தான் என்பது உன் கடிதத்தைப் படித்தவுடனே தெரிந்துவிட்டதால், நேராக அதற்கே வருகிறேன்.

சிங்கப்பூரில் உட்கார்ந்து நீ பார்த்த, அக்கா வந்த அந்தத் தொலைக்காட்சிச் சமையல் போட்டி விளம்பரங்கள் போக 22 நிமிடம் ஓடியது. இங்கே அது பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்குத்தான் முடிந்தது. அவ்வளவு நேரமும் நான் படப்பிடிப்புக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், முழங்கால் இன்றும் அதற்கு வட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்கா வென்றாரா, தோற்றாரா, கடைசிக் காட்சியில் அவர் முகம் ஏன் அப்படி வாடியிருந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் உண்டு, ஆனால் நீ நினைக்கிற வரிசையில் இல்லை.

முதலில், அது போட்டி என்பதே அக்காவுக்குத் தெரியாது. சேலத்து மாலைத் தீனியைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போகிறோம், உங்கள் கடையும் அதில் வரும் என்று சொல்லித்தான் அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அக்கா தள்ளுவண்டியைக் கழுவி, பட்டுச் சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு பீட்ரூட் துருவிக்கொண்டிருந்த வேளையில், தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்தப் புகழ்பெற்ற சமையற்காரர் இறங்கி, "அக்கா, உங்களோடு மோதிப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றார். தெருவே கூச்சலிட்டது. இந்த ஏற்பாடு இவர்களாகக் கண்டுபிடித்ததன்று. அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரை பாபி ஃப்ளே என்ற சமையற்காரர் இதே முறையில்தான் ஊர் ஊராகப் போனார். உள்ளூர்க்காரரைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் வந்து நின்று, அவருடைய கைப்பக்குவத்திலேயே அவரோடு போட்டியிடுவார். பெரும்பாலும் தோற்றதும் அவரே. அங்கே அது வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கு இரண்டு பங்கு சட்னி அரைத்து வைத்திருப்பார் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தட்டு வடை செட் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மருமகன் மலேசியாவில் ஈப்போவில் வளர்ந்தவர், அவருக்கு இதைப் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். உள்ளங்கையில் பாதி அளவுக்கு மெல்லியதாகத் தட்டிப் பொரித்த இரண்டு தட்டு வடைகள்; நடுவே காரச் சட்னி ஒருபுறம், புதினாக் கொத்துமல்லிச் சட்னி மறுபுறம்; இடையில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம்; மாங்காய்க் காலமானால் ஒரு சிட்டிகை மாங்காய்த் துருவல். அவ்வளவுதான். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துத் தின்றால் சட்டை கறையாகும். நொறுக்கல் என்பது இதையே உடைத்துக் கலந்து தருவது. பார்க்கப் பிள்ளை விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் மொறுமொறுப்பையும் ஈரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்று மற்றதைத் தின்றுவிடாமல் வாய்வரைக்கும் கொண்டுசேர்ப்பதுதான் இதன் முழு வித்தை. வடையில் நீர்ப்பசையே இருக்கக்கூடாது. காயில் உப்புப் போட்டால் அது தண்ணீர் விட்டுவிடும் என்பதால் அக்கா காயில் உப்பே சேர்ப்பதில்லை. உப்பு முழுவதும் சட்னியில்தான். பீட்ரூட்டைத் துருவியதும் வேட்டித் துணியில் கட்டி ஒரு முறை பிழிந்து விடுவார். முப்பது ஆண்டுகளாக நாம் தின்றும் இதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சமையற்காரரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் விளையாட்டாக வரவில்லை. இரண்டு நாள் முன்பே ஊருக்கு வந்து, தொப்பி போட்டுக்கொண்டு, மூன்று நான்கு கடைகளில் வாங்கித் தின்று பார்த்திருக்கிறார். வடையை அங்கேயே வெண்ணெய் கூட்டிப் பிசைந்து, சூடாகப் பொரித்தெடுத்தார். பீட்ரூட்டைப் பச்சையாக வைக்காமல் தணலில் சுட்டு, ஏற்காட்டு மிளகை நறநறவென்று உடைத்துத் தூவினார்; காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களின் மேல் ஏறிக் கிடக்கும் கொடி மிளகு, நெடி அப்படி இருந்தது. காரச் சட்னிக்குப் பதிலாக நம் ஊர் மாம்பழத்தில் ஒரு புளிப்பும் உறைப்புமான சட்னி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, நண்பா. பொய் சொல்ல மாட்டேன்.

நடுவர்கள் மூவர்: சென்னையிலிருந்து வந்த உணவு எழுத்தாளர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர். கண்ணைக் கட்டித் தட்டு ஒன்று, தட்டு இரண்டு என்று கொடுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கண்ணைக் கட்டலாம், நாக்கைக் கட்ட முடியுமா? இந்த ஊரில் பிறந்தவனுக்கு அக்காவின் பூண்டுச் சட்னி பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அப்போது எனக்கு 2013ஆம் ஆண்டு ஜூலையில் நீ எழுதிய கடிதம்தான் நினைவுக்கு வந்தது. கார்டன் ராம்சே சிங்கப்பூருக்கு வந்து நியூட்டன் உணவங்காடியில் உள்ளூர்க் கடைக்காரர்கள் மூவரோடு போட்டியிட்டபோது, வரிசையில் நின்று கால் கடுத்ததே மிச்சம் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம். மிஷெலின் உணவக வழிகாட்டி தரும் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரத்தை 2001 முதல் வைத்திருக்கிற லண்டன் உணவகத்தின் சொந்தக்காரர் அவர். மிளகாய் நண்டில் மட்டும் வென்று, கோழிச் சோற்றிலும் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸிலும் தோற்றுப்போனார். ஊர்க்காரர்கள் வாக்களித்தால் ஊர்ச் சுவைதானே வெல்லும், இதில் அந்த மனிதருக்கு நியாயம் எங்கே என்று நான் அப்போதே உனக்குப் பதில் எழுதினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் நாக்குதான் ஊர்ச் சாப்பாட்டில் தப்பைக் கண்டுபிடிக்கும் என்றாய். அன்றைய வாதத்தில் நீ சொன்னதே சரி என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கே நடந்தது இதுதான்: தறிக்காரர் முதல் வாய் வைத்ததுமே, "இது அக்கா கை, தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கு அந்தத் தட்டுதான் ஒரு படி மேல்" என்று சமையற்காரரின் தட்டைக் காட்டினார். சென்னை எழுத்தாளரும் அப்படியே. ஆசிரியை மட்டும் அக்கா பக்கம். இரண்டுக்கு ஒன்று. ஊர்க்காரர்கள் ஊர்க்காரருக்கே போடுவார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்த நான் அந்த நிமிடம் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா கலங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, என் கடையில் நூறு பேர் வந்தால் எழுபது பேர் பார்சல் வாங்கிப் போகிறவர்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிரிக்க அரை மணி ஆகும். அதை யார் தின்று பார்ப்பது?" தயாரிப்பாளர் சிரித்தார், ஆனால் சமையற்காரர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி, அதையும் பார்த்துவிடுவோம் என்றார். அவருடைய பெருந்தன்மை அது, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இருவரும் ஆளுக்கு மூன்று பார்சல் கட்டினார்கள். சமையற்காரர் தம் செட்டுகளை அழகாக அடுக்கி, அட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். அக்கா செட்டே போடவில்லை. வடைகளைத் தாளில் தனியாகச் சுற்றினார். காயை வாழையிலைத் துண்டில் மடித்தார். இரண்டு சட்னிகளையும் இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மேலே இலை வைத்துக் கட்டினார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வருவதற்கு முன்பு சட்னியை அந்தப் பைகளில்தான் முடிந்து கொடுப்பார், உனக்கு நினைவிருக்கும். தடை வந்ததும் பலர் திணறியபோது, அக்கா வாடிக்கைக்காரர்களிடம் தூக்குப்போசி கொண்டுவரச் சொல்லிவிட்டார், கொண்டுவராதவர்களுக்கு இந்தக் கிண்ணம், மறுநாள் திருப்பித் தந்துவிட வேண்டும். எத்தனை திரும்பி வந்தன என்று அவரைக் கேட்காதே.

அரை மணி கழித்துப் பிரித்தார்கள். சமையற்காரரின் பெட்டியைத் திறந்ததும் ஆவி வந்தது. சூடாகப் பொரித்த வடையை ஆறவிடாமல் மூடியதால் அதன் ஆவியே மூடியில் பட்டுத் தண்ணீராகி வடையின் மேல் சொட்டியிருந்தது. கூட்டிப் போட்ட வெண்ணெய் முதல் வாயில் கொடுத்த மொறுமொறுப்பு இப்போது பொலபொலவென்று உதிர்ந்தது. மாம்பழச் சட்னி கீழ் வடையை ஊற வைத்துவிட்டது. அக்கா வாங்குவதோ அம்மாபேட்டைப் பெண்கள் வீட்டில் முந்தின நாளே பொரித்து, நன்றாக ஆறவிட்டு, டின்னில் போட்டு வைக்கிற வடை. நடுவர்கள் தாங்களே சட்னி தடவி, காய் வைத்து, மூடி, வாயில் போட்டார்கள். மொறுக்கென்று சத்தம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. மூன்றுக்கு மூன்றும் அக்காவுக்குத்தான். சமையற்காரரும் ஒன்றைப் போட்டுத் தின்றுவிட்டு, அந்த வடை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அக்கா சொல்லவில்லை.

இதெல்லாம் நான் பார்க்கவே இல்லையே என்று நீ கேட்பாய். அரை மணி நேரம் யாரும் எதுவும் செய்யாமல் காத்திருப்பதைத் தொலைக்காட்சியில் யார் காட்டுவார்கள்? வெட்டி எறிந்துவிட்டார்கள். பிரித்ததில் ஓர் அரை நிமிடம் மட்டும் வந்தது, அதற்கும் பின்னணியில் பாட்டுப் போட்டு, கடைசியில் போட்டி சமநிலையில் முடிந்தது என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சியில் அக்கா முகம் வாடியிருந்ததற்குக் காரணம் வெற்றியும் அன்று, தோல்வியும் அன்று. அவர் எதிர்வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே பசியோடு நின்று நின்று திரும்பிப் போய்விட்டார்கள். அன்றைய வியாபாரமும் போயிற்று. அதற்குத் தொலைக்காட்சிக்காரர்கள் கொடுத்த பணம் போதுமா என்று நான் கேட்டதற்கு, "காசு சரியாகிவிடும் தம்பி, பிள்ளைகள் வேறு கடைக்குப் பழகிவிடும்" என்றார்.

பிள்ளைகள் மறுநாளே வந்துவிட்டார்கள். கூடவே கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களில் ஆட்கள் வந்து, டிவியில் வந்த மாம்பழச் செட் வேண்டும் என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பெங்களூரில் கிளை போடலாம், பெயரை மட்டும் கொடுங்கள் என்று ஒருவர் இரண்டு முறை வந்து போனார். சோயா சாஸ் கோழி விற்ற உங்கள் ஊர் அங்காடிக் கடை 2016இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கி, கிளைகள் பல திறந்து, 2021இல் அந்த நட்சத்திரத்தை இழந்த கதையை நான் அக்காவுக்குச் சொன்னேன். கிளைகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. அக்காவாகவே அப்படி எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரும் நிறுவனம் ஒன்றில் மட்டும் சேர்ந்திருக்கிறார், அதுவும் பிரித்துக் கட்டிய பார்சல்தான் என்ற நிபந்தனையோடு. செட் கேட்டால் உதிரிச் சாமான் அனுப்புகிறார்கள் என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். அதை என் பையன் படித்துக் காட்டியதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சமையற்காரரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்: நொறுக்கலின் மேல் இப்போது ஏற்காட்டு மிளகு உடைத்துத் தூவுகிறார். விலையை ஏற்றவில்லை.

ஆடியில் மாரியம்மன் பண்டிகையின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கை பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். அன்றைக்குக் கடைப்பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. நீ திரும்பும்போது எடுத்துப்போக நூறு வடை தனியே வைக்கச் சொல்லிவிட்டேன். காற்றுப் புகாத டின் ஒன்று கொண்டுவா. சட்னியை அங்கே போய் அரைத்துக்கொள்ளலாம். அளவை அக்காவே சொல்வார், எழுதிக்கொள். பூண்டு அதிகமாகத் தோன்றும், குறைத்துவிடாதே. உன் மருமகனுக்கு முதல் செட்டை நீயே போட்டுக் கொடு, வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்.

அன்புடன்,
உன் குகைத் தோழன்