வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸின் கவிதைக்கு டச்சு ஓவியத்தோடும் டச்சுக் கவிதையோடும் உள்ள உறவைப் படிக்கவே இவ்வாண்டின் பெரும்பாலான கூட்டங்களை ஒதுக்கினோம். ஆஃப்ரிகான்ஸ் எழுத்தாளர் மார்லீன் ஃபான் நீகெர்க் 2017இல் வெளியிட்ட இரு கவிதைத் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்டோம். ஒன்று அட்ரியான் கோர்ட்டெ ஓவியங்களுக்கும், மற்றது யான் மாங்கெஸ் ஓவியங்களுக்கும் எழுதப்பட்டவை; இருவரும் டச்சு ஓவியர்கள். இதுவரை கோர்ட்டெ மட்டுமே முடிந்தது.

கோர்ட்டெ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிடல்பர்க் நகரில் வரைந்தவர். ஒரு கல் விளிம்பு, கரிய பின்புலம், கொஞ்சம் பழமோ காயோ, அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய அஸ்பராகஸ் கட்டு (1697) 25 × 20.5 செ.மீ. மட்டுமே. கைபேசியில் பார்த்தால் இந்தச் சிறுமை தெரியாது. திரையின் வெளிச்சத்தில் கருமையும் சாம்பலாகிவிடும். அருங்காட்சியகத் தளத்தில் பெரிய கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான், அச்சுப்பொறி ஓரம் விடுவதால் படம் சுருங்கும், இல்லையேல் வெட்டுப்படும். ஏ3 தாளில், படத்தின் அளவை 25 × 20.5 செ.மீ. என்று வைத்து அச்சிட வேண்டும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது கவிதை எங்கே நின்று பார்க்கிறது என்பது உடனே பிடிபட்டது.

கோர்ட்டெ தொகுப்பின் தலைப்பிலேயே மிஸ்பெல் பழம் இருக்கிறது. பறித்தவுடன் தின்ன முடியாத துவர்ப்பு. சில வாரம் வைத்துப் பழுப்பேறிக் குழைந்த பிறகே இனிக்கும். டச்சு வழக்கில் அழுகலுக்கு உவமையும் இதுதான். எங்கள் முதல் தமிழ் மொழிபெயர்ப்பில் 'அழுகிய' என்று போட்டது தவறு, சுவையே போய்விட்டது. 'குழையப் பழுத்த' என்று திருத்தினோம்.

ஓசையில்தான் கூடுதல் நேரம் செலவழித்தோம், அது வீணல்ல. இரவுக்கு டச்சில் 'நஹ்ட்', பகலுக்கு 'டஹ்': இரண்டும் இயைபில் சேராது. ஆஃப்ரிகான்ஸில் இறுதி 'ட்' உதிர்ந்து 'நஹ்' ஆனதால் இரவும் பகலும் இயைபாகிவிட்டன. டச்சுக் கவிஞருக்குக் கிடைக்காத இணை இது. ஆஃப்ரிகான்ஸ் எதிர்மறை வாக்கியத்தின் முடிவில் மீண்டும் வரும் 'நீ' (nie, 'இல்லை') என்ற சொல்லை இரண்டாவது மறுப்பாக எண்ணிப் பொருளைத் தலைகீழாக்கிய பிழை பலமுறை நேர்ந்தது. அது வாக்கியத்தை மூடும் சொல், அவ்வளவே. ஆனால் அடியில் ஓர் அசையை எடுத்துக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்கக் கவிஞர் எலிசபெத் எய்பெர்ஸ் 1961இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, டச்சு நடுவே வாழ்ந்தும் ஆஃப்ரிகான்ஸிலேயே எழுதினார். நெதர்லாந்து 1991இல் பி. சி. ஹோஃப்ட் இலக்கியப் பரிசை அவருக்கு அளித்தது. அவருக்கு ஒரு கூட்டம் போதவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டு மாங்கெஸ். முப்பது வயதில் காசநோயால் இறந்தவர்; ஆந்தை, ஆடு, ஜன்னல் வெளிச்சம் என்று மெல்லிய சாம்பல் நிறங்களில் வரைந்தவர். சாதாரண அச்சில் அந்தச் சாம்பல் நீலமாகவோ பச்சையாகவோ திரியும். முழுப்படம் எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் சரிபார்க்கவும். ஏ3 தாள்களைச் சுருட்டாமல் கோப்பில் வைத்துத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்