கட்டையனை நான் விற்கவில்லை

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், மெயிலை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான். டப்ளினில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விஷயம் கட்டையனைப் பற்றி, நம் கம்ப்யூட்டர் கூடைப்பந்து லீக்கில் நீ எடுத்த பையன்.

நீ போன பிறகும், பிரவுசரில் அணியை நடத்தும் அந்த விளையாட்டில் நம் லீக்கை நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மூன்று சீசன் முடிந்துவிட்டது. பள்ளியில் இலவசமாகக் கொடுத்த அதே லேப்டாப்தான், திறந்தால் ரைஸ்மில் மாதிரி சத்தம் போடுகிறது. போன மாதம் ரிப்பேருக்குக் கொண்டுபோனேன், கடைப் பையன் "பிரவுசர்ல இருக்கறதெல்லாம் அழிச்சிடவாக்கா, ஸ்பீடாயிடும்" என்றான், எனக்கு உயிரே போய்விட்டது. பிரவுசரை அழித்தால் லீக்கும் போய்விடும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பிடுங்கிக்கொண்டு வந்து, நீ சொல்லிக்கொடுத்தபடி ஃபைலாக எடுத்துப் பென் டிரைவில் போட்டு, நகைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய ராத்திரி நீ டிராஃப்ட் செய்தது, அணிகள் முறைவைத்துப் புதுப் பையன்களை எடுக்குமே, அது ஞாபகம் இருக்கிறதா? முதல் பிக் நம்முடையது. நெட்டையனின் இப்போதைய திறமை எண் 49, பாட், அதாவது எதுவரை வளருவான் என்ற எண், 73. கட்டையன் 46, பாட் 64. நீ கட்டையனை எடுத்தாய். நான் கத்தினேன், குருட்டுப் பயல் கூட நெட்டையனைத்தான் எடுப்பான் என்று. நீ ஒன்றும் பேசாமல் பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாய். இரண்டாவது பிக்கில் நெட்டையனைத் தூக்கிக்கொண்டு போன அணி இப்போது முதலிடத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நெட்டையன் இப்போது 66. ஆட்டத்துக்கு 21 பாயிண்ட், 11 ரீபவுண்ட். பக்கத்தில் நல்ல ஆள்கள் இருக்கிறார்கள், பந்து தானாகக் கைக்கு வருகிறது, யார்தான் போடமாட்டார்கள்? ஃப்ரீ த்ரோ மட்டும் வரவே இல்லை. கல்லூரியில் நான் சென்டர் ஆடியவள், சொல்கிறேன், ஃப்ரீ த்ரோ வராத நெட்டையனை நான்காவது குவார்ட்டரில் எவனும் சும்மா விடமாட்டான், வேண்டுமென்றே ஃபவுல் செய்வான்.

கட்டையன் 55 வரை வந்தான். 14 பாயிண்ட்தான், ஆனால் 8 அசிஸ்ட், அடுத்தவன் கூடை போடப் பந்து கொடுத்தது, நம் அணியில் இருக்கும் மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு 8 அசிஸ்ட்! ஒரு மாதம் எனக்கே தலை கால் புரியவில்லை, அப்பாவிடம் போய்ச் சொன்னேன், அவர் யாரோ சொந்தக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டு "எங்க வேலை பாக்கறான்?" என்றார். மூன்றாவது சீசனில் முழங்காலில் அடி. அடி பெரிதாக இருந்தால் எண்ணும் இறங்கும் என்று உனக்குத் தெரியும். 50க்கு வந்துவிட்டான். பாட் 57.

மற்ற அணிகள் அவனுக்கு என்ன கொடுக்கும் என்று டிரேடிங் பிளாக்கில் போட்டுப் பார்த்தேன், மறைக்கவில்லை. இரண்டாவது ரவுண்ட் பிக் ஒன்று, அப்புறம் 33 வயதுக் கிழவன் ஒருவன், அவ்வளவுதான் வந்தது. கோபம் வந்து எடுத்துவிட்டேன். விற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் நிஜத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 2021ல் லாட்வியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நாம் இரண்டு பேரும் யூடியூபில் பார்த்தோமே, அமெரிக்காவின் செட் ஹோம்கிரனும் பிரான்சின் வெம்பன்யாமாவும். அமெரிக்கா 83, பிரான்ஸ் 81. ஹோம்கிரனுக்குத்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் டிராஃப்டில் இரண்டாவதாகப் போனான், ஒரு ஆட்டம் ஆடுவதற்குள் பாதத்தில் அடிபட்டு 2022–23 சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டான். அதற்குள் வெம்பன்யாமா முதல் பிக்காக வந்துவிட்டான், இரண்டு பேரும் ஒரே சீசனில் ரூக்கி, அதாவது முதல் வருஷ ஆட்டக்காரர்கள். சிறந்த ரூக்கி விருது ஒரு ஓட்டுக்கூடச் சிதறாமல் வெம்பன்யாமாவுக்கு. ஆனால் அந்த வருஷம் ஹோம்கிரன் 82 ஆட்டமும் ஆடினான் தெரியுமா, ஒன்றைக்கூட விடவில்லை. 2025ல் ஓக்லஹோமா அணி என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கியபோது அவன் அதில் இருந்தான். வெம்பன்யாமா அந்த வருஷம் தோள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து பிப்ரவரியிலேயே வீட்டுக்குப் போய்விட்டான், பாவம். ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்தால் என்ன, யாருக்கும் ஒன்றும் ஆகாது. சும்மா சொல்கிறேன், கட்டையனுக்காக.

பெரியம்மா மகன் ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. பணம் வேண்டுமென்றால் சொல், என் கணக்கில் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியவேண்டியதில்லை. சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதே. ராத்திரி சூடாக ஏதாவது சாப்பிடு.

கட்டையனுக்கு அடிபட்ட ராத்திரி, எந்த எண்ணையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாமே, அந்தக் காட் மோட் வரைக்கும் போய்விட்டேன். 50ஐ அழித்து 60 என்று போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதை ஒருமுறை திறந்தால் அந்த லீக்கில் அப்புறம் எந்தச் சாதனையும் கணக்கில் வராது என்று நீ சொல்லியிருக்கிறாய், கை நின்றுவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை உன் விஷயத்தில் அதைச் செய்துவிட்டேன்.

பத்தாவது படிக்கும்போது, பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், மாவட்ட அணிக்குத் தேர்வு நடந்ததே. பட்டியலில் உன் பெயர் இருந்தது. கோச் வீட்டுக்குப் போன் செய்தார், நான்தான் எடுத்தேன். பரீட்சை இருக்கிறது, வரமாட்டான் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ ஸ்கூல் விட்டு வந்து வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாய். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் உயரத்துக்கு எப்படி எடுப்பார்கள் என்று வேறு சொன்னேன். தபால் ஆபீஸ் வீட்டுப் பையன் போனான், இன்றைக்கு ரயில்வேயில் இருக்கிறான், அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் அவனைப் பார், அவனைப் பார் என்று உன்னிடம் சொன்னதும் நான்தான், எந்த வாயால் சொன்னேனோ. அந்த மே மாதம் பெரியகுளம் கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்கக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ இந்த லீக்கை ஆரம்பித்தாய். நாங்கள் கேலரியில் உட்கார்ந்திருந்தோம், உன் இடத்தில் தண்ணீர் கேனை வைத்திருந்தோம்.

அப்பாவுக்கு இது தெரியாது. நீ சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்.

எனக்குப் பயம், அவ்வளவுதான். நான் ஆடினேன், மூன்று வருஷம் ஆடி என்ன கிடைத்தது, ஒரு சர்ட்டிபிகேட்டும் முட்டி வலியும் என்று நினைத்தேன். பாட் என்பது வெறும் கணிப்பு, அதைத் தாண்டிப் போனவனும் உண்டு, அந்தப் பக்கமே வராதவனும் உண்டு, அதிலும் டிராஃப்டில் காட்டும் எண் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்று பதினைந்து வயதில் நீ எனக்குப் பாடம் எடுத்தாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

சரி, இப்போது ஒரு சிக்கல். கட்டையனின் ரூக்கி ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிந்துவிட்டது. நாமே எடுத்த பையன் என்பதால் கொஞ்சம் இரக்கம் காட்டுவான் என்று பார்த்தால், பேச்சுவார்த்தைக்கே வரமாட்டேன் என்கிறான். காரணத்தைப் பார்த்தேன், வசதிகள் மோசம், அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது என்று போட்டிருக்கிறது. அவன் சொல்வதும் நியாயம்தான். அடுத்த பட்டனை அழுத்தினால் போய்விடுவான், அதனால் மூன்று வாரமாக அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், லேப்டாப்பை மூடக்கூட இல்லை, கரண்ட் போனால்தான் பயமாக இருக்கிறது. அவன் மனதை மாற்ற எங்கே போய் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல், எத்தனை மணியானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அம்மா