ஒரே ஒருமுறை பயன்படுத்தியது

அண்ணே,

வியாழக்கிழமை ராத்திரி உங்கள் வீட்டுச் சாமான் பட்டியலை ஒருத்தர் எனக்கு அனுப்பியிருந்தார். மிக்ஸி, பையனின் சைக்கிள், சாப்பாட்டு மேஜை, கடைசி வரியில் "முழங்கைப் பட்டை, முழங்கால் பட்டை, ஒரே ஒருமுறை பயன்படுத்தியது, 5 டாலர்". நீங்கள் ஊருக்கே திரும்பப் போகிறீர்கள் என்று எனக்குச் சொன்னது அந்தப் பட்டியல்தான். அதுவும் சரியாக அக்டோபரில். யூட்டாவில் ஒடுக்கமான பாறைப் பிளவுகளில், கேன்யன் என்பார்களே, நாம் கயிறு போட்டு இறங்கப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது.

போனில் பேசியிருக்கலாம், எடுக்கமாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு வந்த மற்ற ஐந்து பேரும் படிப்பார்கள், அண்ணியும் படிப்பார் என்று தெரியும். அந்த வாரம் நீங்கள் ஏன் திடீரென்று "நானும் வர்றேன்டா" என்று கிளம்பினீர்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பக்கத்து ஊரான ஹேங்க்ஸ்வில் வரை வண்டியில் பேசியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதையாவது நம்புங்கள்.

நாம் பயந்ததெல்லாம் தண்ணீருக்கு. 1997-ல் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள், அவர்கள் தலைக்கு மேல் பெரிய மழையே இல்லை, பல மைல் தள்ளிப் பெய்தது. 2015 செப்டம்பரில் சயன் தேசியப் பூங்காவில் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். இதையெல்லாம் படித்துப் படித்து, மூன்று நாளாக ஹென்றி மலைப் பக்கம் ஒரு மேகமாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. நாம் இறங்கிய லெப்ரகான் கேன்யனுக்கு 3ஏ என்றுதான் தரம் போட்டிருப்பார்கள். 3 என்றால் கயிறு வேண்டும், ஏ என்றால் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். அகலத்துக்கு அதில் எழுத்து கிடையாது.

அகலத்தை நானே கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொருத்தரிடமும் சட்டை அளவு கேட்டபோது நீங்கள் "நாப்பது" என்றீர்கள். கேன்யனிலிருந்து வெளியே வந்த அன்று சாயங்காலம் உங்கள் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்தவன் நான். காலர் துண்டில் 44 என்று இருந்தது. இதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

சரி. பெல்ஃபாஸ்ட் பூலவார்டு, லெப்ரகானில் ஒடுக்கமான அந்தப் பகுதி.

பேரைப் பார்த்தால் ஏதோ அகலமான சாலை. உண்மையில் பக்கவாட்டில் திரும்பி, முகத்தை ஒரு பக்கம் வைத்தால் வைத்ததுதான், மறு பக்கம் திருப்ப ஹெல்மெட் விடாது. பையை இடுப்பில் கட்டி நாய்க்குட்டி மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போகவேண்டும். கயிற்றில் இறங்கி அதை உருவியாச்சு, அதனால் மேலே திரும்ப வழியும் இல்லை. நான் முன்னால், நீங்கள் எனக்குப் பின்னால். மணற்கல்லில் சட்டை உரசுகிற சத்தம், உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அது நின்றது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப மரியாதையாக, ஆபீஸில் கூப்பிடுகிற மாதிரி என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கையைப் பின்னால் நீட்டினேன். உங்கள் விரல் சில்லென்று இருந்தது, விரல் நுனியெல்லாம் மாவு மாதிரி மணல்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "மூச்ச முழுசா விடுங்கண்ணே, நெஞ்சு சுருங்கும், நழுவி வந்துருவீங்க."

நீங்கள் விட்டீர்கள். நான் சொன்னேன் என்பதற்காக விட்டீர்கள். நழுவினீர்கள், ஆனால் முன்னால் இல்லை, கீழே. அந்த மாதிரி பிளவு மேலே அகலம், கீழே போகப் போக ஒடுக்கம். மூச்சை விட்டால் உடம்பு கொஞ்சம் இறங்கும், அப்புறம் மூச்சு இழுக்க இடம் இருக்காது. ஆப்பு இறங்குகிற மாதிரி. மாட்டிக்கொண்டால் மேலேதான் ஏறவேண்டும், அகலம் இருக்கிற உயரத்துக்கு. எனக்கு இது தெரியும். படித்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

அதற்கப்புறம் நீங்கள் விட்ட மூச்சுகளை நான் எண்ணினேன். நாய் இளைக்கிற மாதிரி, சின்னச் சின்னதாக. நாற்பது நிமிஷம். பின்னால் வந்த தம்பி கைகால்களை இரண்டு சுவரிலும் ஊன்றி, கிணற்றில் ஏறுகிறவன் மாதிரி உங்கள் தலைக்கு மேலே போய், நீல நாடாவில் ஒரு வளையம் போட்டு இறக்கினான். நான் குனிய முடியாமல் குனிந்து, உங்கள் ஷூவைத் தடவித் தடவி அந்த வளையத்துக்குள் நுழைத்தேன். மிதித்து எழுந்தீர்கள். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வந்துவிட்டீர்கள்.

அப்புறம் ஹைட் மேட்டில் நின்று பவல் ஏரியைப் பார்த்தோமே. ஏரி எங்கே இருந்தது? கீழே சேறும் நடுவில் பழையபடி ஓடுகிற ஆறும்தான். அணையை மூடி 17 வருஷம் கழித்து, 1980-ல் தளும்பிய ஏரி. நாம் போன வருஷம், தளும்பியதற்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்கு வற்றிக் கிடந்தது. படகு இறக்குகிற சிமெண்ட் சரிவு மண்ணில் போய் முடிந்தது. நீங்கள் புளியோதரைப் பையைப் பிரித்து முதல் கையை எனக்குக் கொடுத்தீர்கள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "பரவால்லடா" என்றீர்கள். அன்றைக்கு நான் சொல்லியிருக்கவேண்டும்.

சொல்லவில்லை. பொங்கல் விழாவில் முப்பது பேர் நடுவில் வேறு விதமாகச் சொன்னேன். நீங்கள் மாட்டியது, என் முழுப் பெயரைக் கூப்பிட்டது, எல்லாம் நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். "மூச்ச விடுங்க" என்று சொன்னவன் யார் என்பது மட்டும் அந்தக் கதையில் வரவில்லை. நீங்கள் தட்டை வைத்துவிட்டு வெளியே போனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கதையை முடித்தேன்.

அதற்காக நீங்கள் செய்ததும் சரி என்று சொல்லமாட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினீர்கள், போகட்டும். என் ஹெல்மெட்டை இன்னொருத்தர் கையில் காகிதப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினீர்கள். "அவன்கூடப் போனா முழுசா திரும்பமாட்டீங்க" என்று புதிதாக வந்த பசங்களிடம் சொன்னீர்கள். அது என் காதுக்கு வராது என்று நினைத்தீர்களா? என் அப்பா போனபோது ஒரு வார்த்தை இல்லை. நான் சிரிக்க வைத்தது ஒரு சாயங்காலம், நீங்கள் நாலு வருஷம். 40 என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வழியே போயிருக்கமாட்டோம், அண்ணே, இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்படி எழுத உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அழித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

மூச்சை விடச் சொன்னது நான்தான். முப்பது பேருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

நீல நாடா என்னிடம்தான் இருக்கிறது, வளையத்தை அவிழ்க்கவில்லை. பட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலை 9 மணிக்கு விற்பனை என்று போட்டிருக்கிறீர்கள், நான் எட்டரைக்கே வாசலில் நிற்பேன். 5 டாலர் சில்லறையாகவே கொண்டுவருகிறேன்.