காய்ச்சல் இல்லாத ஜன்னி

மூத்தோருக்கு நலப் பேச்சு நடத்தும் சிங்கப்பூர்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கும், தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, முதுமை மறதி பற்றிய பேச்சுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். நல்ல கூட்டம். பேசியவர் சுடோகு போடச் சொன்னார், பல்லாங்குழி ஆடச் சொன்னார், வல்லாரை சாப்பிடச் சொன்னார். போகும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடி ஒரு பொட்டலம். ஒரு மணி நேரப் பேச்சில் நோய் எதிர்ப்பு என்ற சொல் வந்த ஒரே இடம் அந்தப் பொட்டலம்தான். நோய்த் தொற்றும் நோய் எதிர்ப்பும் மூத்தோரின் நினைவை எப்படித் தடுமாற வைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பேச்சுக்கு நான்கு மாதம் முன்பு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 81 வயது. இரவு இரண்டரை மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், அம்மா வெளியே கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் பழைய டிபன் கேரியரைக் கழுவித் தட்டுத் தட்டாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "சங்கு ஊதிருச்சு, ஒங்கப்பா கெளம்பணும், இன்னும் இட்டிலி வேகல" என்றார். அப்பா இறந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் அவர் வேலை பார்த்த காலத்துச் சங்கு அது. பிரிட்டிஷ்காரர்கள் அங்கிருந்து கிளம்பியதே 1971ல்.

காலையில் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார். மதியம் தெளிவாகப் பேசினார், பேரனிடம் பரீட்சை பற்றிக் கேட்டார். பொழுது சாய்ந்ததும் மறுபடி சங்கு. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: "வயசாச்சுல்ல, அப்படித்தான்." போன கிளினிக்கிலும் கிட்டத்தட்ட அதே பதில்தான். ஆங்கிலத்தில் ஒரு நினைவுச் சோதனை வைத்தார்கள், நான் மொழிபெயர்த்தேன். இது என்ன ஆண்டு என்று கேட்டதற்கு அம்மா என் முகத்தைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறோர் இடத்தில் ஒரு தாதிதான் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமித் தொற்று. மருந்து தொடங்கி ஒன்பதாம் நாள் சங்கு நின்றது.

இதற்கு நம் பாட்டிமார் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: ஜன்னி. காய்ச்சல் முற்றினால் பிதற்றல் வரும் என்பது அவர்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். இன்று டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். பாட்டிமாருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் ஜன்னி கண்டுவிடும். நுரையீரலில் தொற்று இருக்கும், இருமல் இருக்காது. சிறுநீரில் தொற்று இருக்கும், எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. வெளியே தெரிவது குழப்பம் மட்டும். (தொற்று மட்டும்தான் காரணம் என்றில்லை. தண்ணீர் குடிக்காதது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவையும் இதைச் செய்யும்.) முதுமை மறதி பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. இரண்டே நாளில் வந்த குழப்பம், அதுவும் ஒரே நாளில் ஏறி இறங்கினால், அவசரமாக டாக்டரிடம் காட்ட வேண்டியது. அந்த நிலையில் வைக்கும் நினைவுச் சோதனையைக் கொண்டு மறதிநோய் என்று முடிவு கட்டவும் கூடாது.

தொற்று சிறுநீர்ப்பையில், தடுமாற்றம் மூளையிலா? எனக்கும் இந்தக் கேள்வி வந்தது, அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உண்டு, மைக்ரோக்ளியா என்று பெயர். 1919ல் ஸ்பெயின் நாட்டுப் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா இவற்றைத் தனியாக அடையாளம் காட்டினார். நாம் கருவாக இருக்கும்போதே, கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து இவை மூளைக்குள் போய்க் குடியேறிவிடுகின்றன என்று 2010ல் எலிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு காட்டியது. அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான ஃபுளோரன்ட் ஜின்ஹூ, நம் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடம் நடத்தியவர். நான் இருக்கும் ஈசூனிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். எங்கோ நடக்கிற சமாச்சாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த அணுக்களுக்குக் காவல் வேலையும் உண்டு, குப்பை அள்ளும் வேலையும் உண்டு. முதுமை மறதியில் ஒரு வகையான அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை விழுங்கி அகற்றப் பார்ப்பவை இவைதான். உடம்பில் எங்கே தொற்று வந்தாலும், சைட்டோகைன் என்ற இரசாயனச் சேதி இரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் இவற்றுக்கு எட்டிவிடும். இளம் மூளையில் விழித்துப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். வயதான மூளையில், ஏற்கெனவே தேய்மானம் தொடங்கிய மூளையில், எப்போதும் அரைத் தூக்கத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சேதி வந்ததும் அளவுக்கு மீறிப் பாயும், எளிதில் அடங்காது. நல்ல நரம்பிணைப்புகளையும் குப்பையோடு குப்பையாக அள்ளிவிடும். 2013ல் டிரெம்2 என்ற மரபணு பற்றிய செய்தி வந்தது. மூளையில் அது வேலை செய்வது முக்கியமாக இந்த அணுக்களில்தான். அதில் ஓர் அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்குப் பிறகு, இந்த அணுக்கள் சும்மா வேடிக்கை பார்ப்பவை என்று யாரும் பேசுவதில்லை.

இப்போது அந்தப் பொடிப் பொட்டலத்துக்கு வருவோம். காவலாளி ஏற்கெனவே வெறி பிடித்து நிற்கும் வீட்டில் எந்தச் சக்தியைக் கூட்டப் போகிறோம்? சரி, டாக்டர்கள் அழற்சி என்று சொல்லும் இந்த வெறியைக் குறைத்தால் போதுமே என்றும் தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். நேப்ராக்சென், செலிகாக்சிப் என்ற, அழற்சியைத் தணிக்கும் வலி மாத்திரைகளை மூத்தோருக்குக் கொடுத்து அமெரிக்காவில் பெரிய சோதனை நடந்தது. மறதிநோயை அவை தடுக்கவில்லை. கூட்டு, குறை என்று ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது.

தடுப்பூசி பற்றிய செய்திதான் எனக்கு நம்பிக்கை தந்தது. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, முதுமையில் அக்கி அம்மையாக எழும். வேல்ஸ் நாட்டில் 2013ல் அக்கித் தடுப்பூசி தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு இல்லை, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு உண்டு என்று கோடு போட்டார்கள். சில நாள் வித்தியாசத்தில் பிறந்த இரு கூட்டம், மற்றபடி ஒரே மாதிரி ஆட்கள். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களிடையே மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025ல் நேச்சர் இதழில் இது வந்தது. அது பழைய ஊசி. இப்போது போடப்படும் ஷிங்ரிக்ஸ் பற்றி 2024ல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. கிருமி மறுபடி எழாமல் தடுப்பதாலா, எதிர்ப்பு அணுக்களையே அது பழக்கிவிடுவதாலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மறதிக்கு மருந்து என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். அக்கியின் வேதனையைத் தடுக்கவே அந்த ஊசி தகும், கூடுதலாக இதுவும் இருக்கலாம் என்று சொன்னால் போதும். 2025 செப்டம்பரிலிருந்து 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஷிங்ரிக்ஸின் இரண்டு தவணை ஊசிக்கும் அரசாங்க மானியம் உண்டு. என் அம்மாவுக்கு இதைத் தமிழில் சொன்ன முதல் ஆள் நான்தான். அது எனக்குப் பெருமையாக இல்லை.

மனநலக் கழகத்தின் 2023 ஆய்வின்படி, இங்கே 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100க்கு ஏறக்குறைய 9 பேருக்கு முதுமை மறதி இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அது கண்டறியப்படவே இல்லை. ஆகவே அடுத்த பேச்சில் சுடோகு இருக்கட்டும், பல்லாங்குழியும் இருக்கட்டும். அரை மணி நேரத்தைத் தாதி ஒருவருக்குக் கொடுங்கள். ஜன்னி என்ற சொல்லையே சொல்லி அவர் தமிழில் விளக்கட்டும். சர்க்கரை, ஈறு நோய், சளிக்காய்ச்சல் ஊசி, நிமோனியா ஊசி பற்றியும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பலருக்கு அன்றுதான் ஓய்வு. இரவு இரண்டரைக்கு விளக்கு எரிவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள், அவர்களும் வந்து கேட்க வேண்டும்.

அம்மா முழுதாகத் திரும்பி வந்துவிடவில்லை. ஜன்னி தெளிந்தும் ஒரு படி கீழேதான் நிற்கிறார். டெலிரியம் கண்டவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வருவது அதிகம் என்பதைப் படித்தபோது, அந்த மூன்று நாளை நினைத்துக்கொண்டேன். காப்பியில் சர்க்கரை போட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்கிறார். தேவாரத்தில் மட்டும் ஓர் எழுத்து பிசகவில்லை.

பேச்சு ஏற்பாடானால் அழைத்து வருகிறேன். முன்வரிசையில் ஓர் இடம் போட்டு வையுங்கள், இடது காது மந்தம். தேநீர் சர்க்கரை இல்லாமல்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு மகள்