புத்தகத் திருவிழாவில் மௌனப் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களில், இலக்கியங்களைத் தழுவி எடுக்கப்பட்ட தொடக்ககால மௌனப் படங்களைத் திரையிட ஒரு மாலைப் பொழுதையாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேசாத படத்தை இன்றைய பிள்ளைகள் எப்படிப் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்திலும் அவை வெறும் மௌனத்தில் ஓடியவை அல்ல. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. கதையும் பெரும்பாலும் மக்கள் அறிந்ததே. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படத்தை எடுத்தபோது, பாரதத்தின் விராட பருவத்திலிருந்து கீசக வதத்தைத் தேர்ந்தெடுத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, விடிய விடியக் கூத்து நடத்தி, படுகளத்தோடு நிறைவு செய்யும் நம் ஊர்களில் அந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்திய மௌனப் படங்களின் முன்னோடியான தாதாசாகேப் பால்கேயின் ‘லங்கா தகனம்’ (1917) படத்தில் சாலுங்கே என்ற ஒரே நடிகர் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார் என்பதும், ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதல்ல.

‘கீசக வதம்’ படத்தின் ஒரு பிரதிகூட இன்று மிஞ்சவில்லை என்பது பெரும் வேதனை. சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவலைத் தழுவி 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் விந்தையாகத் தப்பியது. நாவலின் உரிமையைப் பெற்றிருந்த பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்ததால் திரையரங்கிலிருந்து இறங்கிய அந்தப் படம், அவர்கள் வசமே கிடந்து, 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. முடக்கிய வழக்கே அதைக் காப்பாற்றவும் செய்தது.

அயல்நாட்டுப் படங்களில், மேரி ஷெல்லியின் நாவலைக் கொண்டு எடிசன் நிறுவனம் 1910இல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற குறும்படத்தை முதலில் காட்டலாம். பூதம் உருவாகும் காட்சிக்காக ஒரு பொம்மையை எரியவிட்டுப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். கருகி உதிர்ந்ததெல்லாம் எலும்புக்கூட்டின்மீது மெல்ல மெல்லத் திரும்ப வந்து ஒட்டுகிறது. அந்த உயிர் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை ஷெல்லி விவரிக்காமலே விட்டிருக்கிறார். எழுத்தாளர் விட்ட இடத்தைக் கேமரா எப்படி நிரப்புகிறது என்பதை ஒரு மாணவர் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

இத்தகைய பழைய அயல்நாட்டுப் படங்கள் பல பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் பெரிய செலவு ஆகாது. ‘மார்த்தாண்ட வர்மா’வுக்காக மாவட்ட நிர்வாகம் புனே காப்பகத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்கலாம். திரைக்கு அருகே நின்று கதை சொல்ல, கூத்தில் கதையை எடுத்துச் சொல்லி நடத்தும் கட்டியங்காரன் வேடத்தில் தேர்ந்த நம் கூத்துக் கலைஞர்களையே அழைக்க வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் அவர்களிடம் உள்ளன. படத்தைச் சில நாட்கள் முன்னதாகவே அவர்களுக்குப் போட்டுக் காட்டி, பயிற்சிக்கும் சேர்த்து உரிய சன்மானம் வழங்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.